பூவின் பெயரை மறக்கடிக்கும் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூக்களையும் இலைகளையும் தண்ணீரையும் உள்ளது உள்ளபடி எடுக்காமல், கலைத்தும் கரைத்தும் அரூபமாக எடுக்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. படங்களைப் பார்க்கிறவர்களும் உடன் வந்து எடுக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு நாலு வரிக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கை ஆடிப்போன படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேலியாகக் கேட்பவர்களும் உண்டு, கவலையோடு கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே பதில்தான். கை ஆடிய படத்தில் கண் பூவைத் தேடிக்கொண்டே இருக்கும். இதழின் விளிம்பு எங்கே, ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்று துழாவும், கிடைக்காத எரிச்சலில் நகர்ந்துவிடும். அரூபப் படத்தில் அந்தத் தேடல் நின்றுபோகிறது. நிறமோ கோடோ வெளிச்சமோ, ஏதோ ஒன்று அங்கே முழுதாக இருப்பதால் கண் அதிலேயே உட்கார்ந்துவிடும்.

எடுக்கிறவர் பக்கமிருந்து சொன்னால், எதை விட்டுவிடப் போகிறோம் என்று அழுத்தும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு பூவில் நிறம், வடிவம், மேற்பரப்பின் நயம், அசைவு, இதழுக்குள் ஊடுருவும் ஒளி, சுற்றியுள்ள இடம் என்று ஏழெட்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்றையோ இரண்டையோ வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறோம். மங்கலாக்குவது கழிக்கும் வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே அடியாக மங்கலாக்கினால் மிஞ்சுவது கலங்கல்.

அப்படியானால் மங்கலாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லையா?

இல்லவே இல்லை. கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் செடிகளின் மொட்டுகளையும் சுருள் கொழுந்துகளையும் பல மடங்கு, சிலவற்றை முப்பது மடங்கு வரைகூடப் பெரிதாக்கிக் கருப்பு வெள்ளையில் எடுத்தார். 1928-இல் அவை புத்தகமாக வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஒரு படத்தில்கூட மங்கல் கிடையாது, கத்தி முனைபோலக் கூர்மை. ஆனால் நிறத்தைக் கழித்துவிட்டார், பின்னணியைக் கழித்துவிட்டார், எது எவ்வளவு பெரியது என்கிற கணக்கையும் கழித்துவிட்டார். சுருண்ட பெரணிக் கொழுந்து இரும்பு வேலைப்பாடுபோல நிற்கும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். பார்த்தால் முதுகைத் திருப்பிக் குனிந்திருக்கும் மனித உடல்போல இருக்கும். இன்னொரு அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஸ்டிக்லிட்ஸ் 1922-இல் மேகங்களை எடுக்கத் தொடங்கிப் பத்து வருடங்களுக்கு மேல் தொடர்ந்தார். அவற்றில் பெரும்பாலானவற்றில் தரையும் இருக்காது, தொடுவானமும் இருக்காது. அந்த மேகங்களைத் தன் மனநிலைகளுக்கு நிகரானவை என்றே அவர் அழைத்தார்.

நமக்கு இது அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. அகப்பாடல்களில் தலைவி தன் மனசைச் சொல்லாமல் நண்டையும் நாரையையும் சொல்லிவிட்டுப் போவாள். அதற்கு ‘உள்ளுறை’ என்று பெயரே வைத்திருக்கிறோம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு பூ, ஒரு மணி நேரம். வேறு பூவுக்குப் போகக் கூடாது. முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் எடுக்கும் படங்களை எடுத்து முடித்திருப்பீர்கள். அடுத்த இருபது நிமிடம் சலிப்பாக இருக்கும். அதற்குப் பிறகுதான் பார்க்கவே ஆரம்பிப்போம்.

ஒரு செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் அது எல்லோருக்கும் தெரிந்த பூ. வெயில் பின்னாலிருந்து வரும்படி சுற்றிப் போங்கள். இதழ் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடங்களில் சிவப்பு இரட்டிப்பாக அடர்ந்து, ஒற்றை இதழ் உள்ள இடத்தில் மெலிந்து, ஒரே பூவுக்குள் மூன்று சிவப்புகள் தெரியும். நரம்புகள் ஆற்றுப் படுகையின் கிளைகள்போலப் பிரிந்து ஓடும். நடுத்தண்டின் நிழல் ஏதாவது ஓர் இதழில் சாய்வாக விழுந்திருக்கும். அந்த நிழலும் அது விழுந்த இதழும் மட்டும் ஃப்ரேமில் இருந்தால் போதும், பூ தேவையே இல்லை.

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொள்வது எனக்குப் பயன்படுகிறது. “கிழிசல்”, “மூச்சு”, “தளர்ச்சி” மாதிரி. “அழகு” என்ற சொல் உதவாது, அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

மொபைல் போதுமா?

தொடங்கப் போதும். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்ததைப் பிறகு ‘லாங் எக்ஸ்போஷர்’ ஆக மாற்றும் வசதி 2017-இலிருந்தே இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, நாமே வைக்கலாம். பெரும்பாலான போன்களில் வெளிச்சம் நுழையும் துளையான அபர்ச்சரைச் சுருக்க முடியாது என்பதால், பளீர் வெயிலில் மெதுவான ஷட்டர் வைத்தால் படம் வெளுத்துவிடும். விடியலிலும் அந்தியிலும் அடர்ந்த நிழலிலும் எடுங்கள்.

கேமராவை வேண்டுமென்றே ஆட்டி எடுக்கும் ஐ.சி.எம். முறைக்கு என்ன செட்டிங்?

ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் மோடில், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100-இல் தொடங்குங்கள். 1/15 நொடியில் பூ அடையாளம் தெரியும், விளிம்பு மட்டும் இழுபடும். 1/4 நொடியில் ஓவியத் தூரிகை இழுத்த மாதிரி வரும். ஒரு நொடிக்கு மேல் போனால் பெரும்பாலும் நிறப் பட்டைகள்தான். நான் அதிகம் புழங்குவது 1/8 முதல் 1/2 வரை.

இமேஜ் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். நீங்கள் ஆட்ட, அது நிறுத்தப் பார்க்க, படம் இரண்டுங்கெட்டானாக வரும். ஃபோகஸை ஒருமுறை பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும்.

ஆட்டுவதில் ஒரு சின்ன நுட்பம் உண்டு. கை நகரத் தொடங்கிய பிறகு பட்டனை அழுத்துங்கள், ஷட்டர் மூடிய பிறகும் கை நகர்ந்துகொண்டே இருக்கட்டும். அழுத்திவிட்டு நகர்த்தத் தொடங்கினால் கோட்டின் முனையில் ஒரு முடிச்சு விழும். சில நேரம் அந்த முடிச்சுதான் வேண்டும் என்று தோன்றும். அப்போது தலைகீழாகச் செய்யலாம்: ஒரு நொடி ஷட்டரில் பாதி நேரம் அசையாமல் நின்று, மீதியில் மெல்ல இறக்குங்கள். பூவின் லேசான உருவம் நின்று, அதிலிருந்து நிறம் வழிவதுபோல வரும்.

திசையைக் காட்சியே சொல்லும். மரத்தண்டுகளுக்கு மேலும் கீழும், தண்ணீருக்கும் புல்வெளிக்கும் பக்கவாட்டில். நாணல் பூத்திருந்தால் அது சாயும் பக்கமாகவே ஒரு வளைவு. பூங்கொத்துக்குச் சின்னச் சின்ன நடுக்கங்கள் போதும், பெரிய வீச்சு எல்லா நிறத்தையும் கலந்து சாம்பலாக்கிவிடும். வட்டமாகச் சுழற்றுவது முதல் வாரத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது.

வெயிலில் ஷட்டரை அவ்வளவு குறைக்க முடியவில்லையே?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப்/16 (எண் கூடக் கூடத் துளை சுருங்கும்) என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/125 வரும். உங்களுக்கு வேண்டியது 1/4. நடுவில் ஐந்து ஸ்டாப் இருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டர், மூன்று ஸ்டாப்பில் ஒன்று, மீதியைப் பார்த்துக்கொள்ளும். போலரைசர் இலைகளின் மேலுள்ள வெள்ளைப் பளபளப்பையும் எடுத்துவிடுவதால் பச்சை ஆழமாகும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள்.

எஃப்/22-க்குச் சுருக்கினால் கூர்மை குறையும் என்பார்கள். ஆட்டி எடுக்கும் படத்தில் அதைப் பற்றி யாருக்குக் கவலை. ஆனால் தூசி? ஒருமுறை நாள் முழுக்க எஃப்/22-இல் எடுத்துவிட்டு வந்து திரையில் பார்த்தேன். எல்லாப் படங்களிலும் வலது மேல் மூலையில் அதே மூன்று சாம்பல் பொட்டுகள். காட்சி முழுக்க இழுபட்டுக் கரைந்திருக்க, அவை மட்டும் அட்சரசுத்தமாக நின்றன. படம் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசி கேமராவோடு சேர்ந்தே நகரும், அதற்கு ஆட்டம் தெரியாது. வழவழப்பான நிறப் பரப்பில் அது கண்ணைக் குத்தும். கிளம்பும் முன் சென்சாரைப் பார்த்துவிடுங்கள்.

மல்டிபிள் எக்ஸ்போஷர் எப்படி?

ஒரே ஃப்ரேமில் பல படங்களை அடுக்குவது. பல கேமராக்களிலேயே இந்த வசதி உண்டு. ‘ஆடிட்டிவ்’ என்று இருந்தால் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும், நாம்தான் குறைக்க வேண்டும்: இரண்டு படத்துக்கு ஒரு ஸ்டாப், நான்குக்கு இரண்டு, எட்டுக்கு மூன்று. ‘ஆவரேஜ்’ வைத்தால் கேமராவே பங்கிட்டுக்கொள்ளும். பின்னணி கருமையாக இருந்து பூ வெளிர் நிறமாக இருந்தால் ‘பிரைட்’ மோட் மிக அழகாக வரும், ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சமானது மட்டுமே மிஞ்சும். வெளிர் வானத்தின் முன்னே கருங்கிளைகள் என்றால் ‘டார்க்’.

கேமராவில் இல்லாவிட்டால் கணினியில் அடுக்கலாம். அடியில் இருக்கும் படத்தின் ஒளிபுகாமை (ஒப்பாசிட்டி) 100 சதவீதம், அதன் மேல் 50, அடுத்தது 33, அடுத்தது 25. இப்படி வைத்தால் நான்குக்கும் சம பங்கு.

முயன்று பார்க்க இரண்டு வழிகள் சொல்கிறேன். முதலாவது, டிரைபாடில் வைத்து ஒரு படம் கூர்மையாகவும் அடுத்தது ஃபோகஸ் கலைத்தும் எடுத்து இரண்டையும் சேர்ப்பது. 1980-களில் மைக்கேல் ஆர்ட்டன் என்ற புகைப்படக்காரர், வேண்டுமென்றே வெளுக்க எடுத்த இரண்டு ஸ்லைடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இதைச் செய்தார். பூவைச் சுற்றி ஒரு மென்மையான ஒளி படியும். கொஞ்சம் தாண்டினாலும் வாழ்த்து அட்டையாகிவிடும், கவனம்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. தனியாக நிற்கும் ஒரு மரத்தையோ பூச்செடியையோ சுற்றி நடந்துகொண்டே இருபது முப்பது படங்கள் எடுங்கள், தண்டு எப்போதும் ஃப்ரேமின் அதே இடத்தில் இருக்கட்டும். எல்லாவற்றையும் அடுக்கினால் தண்டு திடமாக நிற்கும், கிளைகள் நரம்புப் பின்னலாகும், பின்னணி வெறும் நிறப் புகையாகும். ஒரே பக்கத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாத மரம் அது.

சிவப்புப் பூ எடுத்தால் திட்டு மாதிரி வருகிறது, இதழ் விவரமே இல்லை. ஏன்?

கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்களாகப் பதிகிறது. அதில் சிவப்புச் சானல் நிரம்பி வழிந்துவிட்டது. கேமரா முதலில் காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பச்சைக்கு அதிக எடை கொடுப்பதால், சிவப்பு வெடித்ததை அது மறைத்துவிடும். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொண்டு, சிவப்பு மலை வலது சுவரில் முட்டாமல் நிற்கும் அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்டாப் போதும். கேமரா மெருகேற்றாத ரா ஃபைலில் எடுங்கள், நிறத்தைக் கூட்டும் ‘விவிட்’ வேண்டாம். அடர் மஞ்சளுக்கும் இதே வைத்தியம்.

லென்ஸ் பற்றிச் சொல்லுங்கள்.

மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. பொருள் தன் அசல் அளவிலேயே சென்சாரில் விழும் ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப்/2.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. பூச்சிகளை எடுப்பவர்களுக்கு அது தலைவலி, நமக்கு அதுவே தூரிகை. இதழின் ஒரு விளிம்பு மட்டும் மயிரிழையாக நிற்க, மற்றதெல்லாம் நிறமாக உருகிவிடும்.

இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. குழாய் மாட்டினால் பொருளின் பாதி அளவு சென்சாரில் விழும். பழைய சோவியத் லென்ஸான ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப்/2) பின்னணி இலைகளைச் சுழல்போலக் காட்டும். பலரும் அதைத் தேடி அலைவது அதற்காகத்தான். பத்துப் படங்களுக்குப் பிறகு சுழல் மட்டும்தான் தெரிகிறது, பூ தெரிவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

லென்ஸைக் கழற்றி, அதை மாட்டும் மவுண்ட்டுக்கு முன்னால் கையில் பிடித்துச் சற்றுச் சாய்த்து எடுக்கும் முறையும் இருக்கிறது. கூர்மையான பரப்பு சாய்வாக வெட்டிக்கொண்டு போகும், இடுக்கு வழியே நுழையும் வெளிச்சம் படத்தில் கசியும். தூசியும் நுழையும், லென்ஸ் கை நழுவும். விலை உயர்ந்த எதையும் வைத்து இதைச் செய்யாதீர்கள்.

லென்ஸுக்கு முன்னால் ஏதாவது வைத்து எடுக்கலாமா?

தாராளமாக. அபர்ச்சரைத் திறந்துவிட்டு, லென்ஸை ஒட்டினாற்போல ஓர் இலையோ அதே பூவின் இன்னோர் இதழோ இருக்கும்படி நின்றால் அது வெறும் நிறத் திரையாக மாறும். தண்ணீர் தெளித்த கண்ணாடிக்குப் பின்னால் பூவை வையுங்கள்: ஒவ்வொரு துளிக்குள்ளும் அந்தப் பூ தலைகீழாக நிற்கும். துளி ஒரு குட்டி லென்ஸ். ஃபோகஸைத் துளியில் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதில்தான் இரண்டு முற்றிலும் வேறான படங்கள் இருக்கின்றன. வாஸலின் தடவுவதென்றால் பழைய ஃபில்டர் மேல், லென்ஸ் மேல் ஒருபோதும் வேண்டாம்.

காற்றடித்தால்?

கேமராவை டிரைபாடில் போட்டுவிட்டு, ஆட்டுகிற வேலையைக் காற்றிடம் கொடுத்துவிடுங்கள். அரை நொடி ஷட்டர். தண்டின் அடி கூர்மையாக நிற்கும், பூ மட்டும் பறக்கும்.

இதையெல்லாம் கணினியில் மோஷன் ப்ளர் போட்டுச் செய்துவிடலாமே?

ஓரளவு செய்யலாம், ஆனால் இரண்டு இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று ஒளிப்புள்ளிகள். பனித்துளியில் மின்னும் வெயில், கேமரா நகரும்போது பளிச்சென்ற கோடாகப் பதியும். ஏற்கெனவே வெள்ளையாக உறைந்துவிட்ட புள்ளியை மென்பொருள் இழுத்தால் அது சாம்பல் தடமாகத்தான் வரும். மற்றொன்று ஆழம். உடலோடு சேர்த்து கேமராவை நகர்த்தும்போது அருகிலுள்ள பூ அதிகமாகவும் தூரத்து மரம் குறைவாகவும் இழுபடும். தட்டையான படத்துக்கு எது அருகில், எது தூரம் என்று தெரியாது.

மற்றபடி எடிட்டிங்கில் எனக்கு ஆசாரம் ஒன்றும் கிடையாது. நிறத்தை மாற்றுவேன், புரட்டுவேன், வெட்டுவேன். விளிம்புகளை எடுப்பாக்கும் ‘கிளாரிட்டி’யை மட்டும் கூட்ட மாட்டேன், கீழேதான் இறக்குவேன்.

கேமராவே இல்லாமல் முடியுமா?

முடியும், அதுவும் 1840-களிலிருந்தே. ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் சயனோடைப் என்ற நீல அச்சு முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேரடியாகத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டி, நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்களாகப் பதித்து வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே இலையை வைத்து வெயிலில் காட்டிவிட்டு வெறும் தண்ணீரில் அலசினால் படம் தயார். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட வினோதம் ஆந்தோடைப். பூவிதழ்களை அரைத்துச் சாறு எடுத்து அதையே தாளில் பூசுவது. மேலே ஓர் இலையை வைத்து நாள்கணக்கில், சில பூக்களுக்கு வாரக்கணக்கில் வெயிலில் கிடத்தினால் மூடாத இடம் வெளுத்து, இலையின் நிழல் பூவின் நிறத்தில் மிஞ்சும். இதை நிலைநிறுத்த வழி கிடையாது, வெளிச்சம் பட்டால் மெல்ல அழிந்துகொண்டே இருக்கும். என்னுடையதை ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், கேட்டால் ஒரு நிமிடம் திறந்து காட்டுவேன்.

நூற்றுக்கணக்கில் எடுத்ததில் எதை வைத்துக்கொள்வது?

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். அன்றைக்கு மனசில் இருப்பது அங்கே அடித்த காற்றும் பட்ட பாடும், படம் அல்ல. ஒரு வாரம் கழித்து, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் எது கூப்பிடுகிறதோ அதைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்புங்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும். போன முறை 340 எடுத்தேன், மிஞ்சியது மூன்று. அதில் ஒன்றைப் பற்றி இன்னும் சந்தேகம் இருக்கிறது.

தலைப்பு வைக்க வேண்டுமா?

பூவின் பெயரை வைத்தால் பார்ப்பவர் உடனே பூவைத் தேடப் போய்விடுவார், இவ்வளவு பாடுபட்டுக் கழித்தது வீண். “ஆன்மாவின் நடனம்” வகையறாவும் வேண்டாம். நான் தேதியை எழுதிவைக்கிறேன்.

அச்சுப் போட எந்தத் தாள் நல்லது?

மேட், அதாவது பளபளப்பு இல்லாத தாள். பருத்தித் தாளாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தப் படங்களில் கண் ஒட்டிக்கொள்ள விளிம்பு குறைவு, பளபளப்புத் தாளில் அறையின் விளக்கும் பார்ப்பவரின் முகமும்தான் முதலில் தெரியும். திரையில் இருப்பதைவிடச் சற்று இருட்டாக வரும், அதனால் முதலில் சின்னதாக ஒரு சோதனை அச்சுப் போட்டுப் பாருங்கள்.

சட்டம் போடக் கொடுக்கும்போது பின்பக்கம் மேலே எது என்று அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். என் அல்லிக்குளப் படம் ஒன்றுக்குச் சட்டம் போட்டவர் கொக்கியை அடிப்பக்கம் மாட்டிவிட்டார். நாலு மாதம் தலைகீழாகத் தொங்கியது. வந்தவர்கள் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒருநாள் மூல ஃபைலைத் திறந்தபோதுதான் பிடிபட்டது. கொக்கியை மாற்ற எழுந்து போய், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்படியே விட்டுவிட்டேன்.